பழி ஓரிடம், பழுது ஓரிடம்

விண்டோஸ் விஸ்டா என்ற இயங்குதளம் வீடுகளுக்கு வந்த 2007-ஆம் ஆண்டில் உலகெங்கும் கணினிகள் சொல்லாமல் கொள்ளாமல் உறைந்து நின்றன. விஸ்டாவே மோசம் என்று ஊர் பேசியது. இயந்திரம் மோசம் என்று சிலர் புதிதாக வாங்கினார்கள். மறு ஆண்டு, அமெரிக்காவின் சியாட்டல் நீதிமன்றத்தில் மைக்ரோசாஃப்டுக்கு எதிராக நடந்த ஒரு வழக்கில் அந்த நிறுவனத்தின் உள் ஆவணங்கள் வெளியே வந்தன. கணினிப் பெட்டிகளின்மேல் ஒட்டப்பட்ட 'விஸ்டாவுக்கு ஏற்றது' என்ற ஸ்டிக்கர் வாங்குபவர்களை ஏமாற்றியது என்பதுதான் வழக்கு. ஆனால் அந்தக் காகிதக் கட்டில் வேறொரு கணக்கும் இருந்தது. 2007-இல் மைக்ரோசாஃப்ட் பதிவு செய்த விஸ்டா முடக்கங்களில் 28.8 சதவீதத்துக்குக் கிராபிக்ஸ் சிப் செய்யும் என்விடியா நிறுவனத்தின் டிரைவர்கள் காரணம். மைக்ரோசாஃப்டின் சொந்த மென்பொருளின் பங்கு 17.9 சதவீதம், என்விடியாவின் போட்டியாளரான ஏடிஐயின் பங்கு 9.3 சதவீதம். என்விடியா அக்காலத்தில் மதர்போர்டு சிப்புகளும் செய்துவந்தது, ஆகையால் அந்த 28.8 முழுவதையும் கிராபிக்ஸ் கார்டின் கணக்கில் எழுதிவிட முடியாது. ஆனாலும் ஒன்று தெளிவு: நின்றுபோன கணினிகளில் பெரும் பங்கின் உள்ளே எதுவும் எரிந்துபோகவில்லை. இயங்குதளத்துக்கும் சிப்புக்கும் இடையே பேச வேண்டிய மென்பொருள் பேசத் தெரியாமல் திணறியிருக்கிறது.

பதினெட்டு ஆண்டுகளுக்கு மேல் கடந்துவிட்டன. டிரைவர்கள் எவ்வளவோ தேறிவிட்டன. ஆனால் வீட்டுக் கணினியின் திரை மினுக்கினால், கோடு விழுந்தால், நிறம் வெளுத்தால், விளையாட்டு பாதியில் கறுத்தால், நம் ஊரில் கிடைக்கும் பதில்கள் இன்னமும் மூன்றுதான்: 'டிரைவரை அப்டேட் பண்ணுங்க', 'ஃபார்மட் அடிச்சிடலாம்', 'கார்டை மாத்திடலாம்'. மூன்றும் சில வேளைகளில் சரியாகவும் இருக்கும். குறை என்னவென்றால், மூன்றும் வைத்தியங்கள். நோய் எங்கே இருக்கிறது என்று பார்க்கும் வேலை அவற்றில் இல்லை. மேல்தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று எட்டிப் பார்க்காமல் குழாயை மாற்றுகிற கதைதான். திரைக் கோளாறு வந்தால் எதை மாற்றுவது என்பதைவிட, எந்த இடத்தில் கோளாறு என்பதை முதலில் கேட்க வேண்டும். அந்தக் கேள்விக்கு வீட்டிலேயே, காசு செலவில்லாமல், பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் விடை காண முடியும். அப்படிக் காண்பது கடினமாகும்படி அமைப்புகளைச் சிதறடித்து வைத்திருப்பது உற்பத்தியாளர்களின் பிழை. இந்தக் கட்டுரையின் வாதம் இவ்வளவே.

திரையில் நாம் பார்க்கும் படம் ஒரு நெடிய பாதையைக் கடந்து வருகிறது. ஒரு செயலி படத்தைக் கேட்கிறது. இயங்குதளம் அதை டிரைவரிடம் கொடுக்கிறது. டிரைவர் கார்டுக்குக் கட்டளையிடுகிறது. கார்டு வரைந்ததைக் கேபிள் வழியே அனுப்புகிறது. மானிட்டருக்குள் இருக்கும் சர்க்யூட் அதை வாங்கித் தன் அமைப்புகளின்படி திருத்திப் பேனலில் காட்டுகிறது. இத்தனை படிகளில் எதில் பிசகினாலும் கண்ணுக்குத் தெரிவது ஒன்றுதான்: படம் சரியில்லை. ஆகவே பாதையைப் பாதி பாதியாக வெட்டிப் பார்ப்பதே அறிவான வழி. மானிட்டரின் ஓரத்தில் உள்ள பொத்தானை அழுத்தி அதன் சொந்த மெனுவை வரவழைத்துப் பாருங்கள். அந்த மெனுவை வரைவது மானிட்டரே. கார்டுக்கு அதில் பங்கில்லை. மெனுவும் சேர்ந்து மினுக்கினால் குற்றவாளி மானிட்டர். மெனு அசையாமல் நிற்க, பின்னால் இருக்கும் படம் மட்டும் துடித்தால் கோளாறு அதற்கு முன்னால் எங்கோ இருக்கிறது. அடுத்து, கோடுகள் தெரியும்போது ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதைக் கைப்பேசிக்கு அனுப்பிப் பார்க்கலாம். ஸ்கிரீன்ஷாட்டிலும் கோடுகள் இருந்தால் படம் கணினிக்குள்ளேயே கெட்டுவிட்டது என்று பொருள். அதில் படம் சுத்தமாக இருந்தால் சந்தேகம் கேபிள், போர்ட், மானிட்டர் என்று வெளிப்பக்கம் திரும்புகிறது. இன்னொரு சோதனையை மைக்ரோசாஃப்டே தன் உதவிப் பக்கத்தில் சொல்கிறது: திரை மினுக்கும்போது டாஸ்க் மேனேஜரைத் திறக்க வேண்டும், அதுவும் சேர்ந்து மினுக்கினால் டிரைவரைச் சந்தேகிக்கலாம், அது மட்டும் மினுக்காமல் நின்றால் ஏதோ ஒரு செயலியைச் சந்தேகிக்கலாம். கடைசியாக, கணினியை அணைத்துப் போட்டு, விண்டோஸ் வருவதற்கு முன் தோன்றும் கம்பெனி லோகோவைக் கவனிக்க வேண்டும். அங்கேயே கோடுகள் இருந்தால் விண்டோஸ் டிரைவருக்கும் அதன் அமைப்புகளுக்கும் சம்பந்தமில்லை. அப்போதுதான் கார்டின் மேல் சந்தேகப்பட நியாயம் பிறக்கிறது, அதுவும் கேபிளை மாற்றிப் பார்த்த பிறகு. இந்த நான்கில் எதற்கும் ஸ்க்ரூ டிரைவர்கூட வேண்டாம்.

இப்படிப் பார்த்தால், பழுது என்று எண்ணப்படுபவற்றில் எத்தனையோ வெறும் அமைப்புக் கோளாறுகள் என்பது தெரியவரும். 144 ஹெர்ட்ஸ் மானிட்டரைக் கூடுதல் விலை கொடுத்து வாங்கி, விண்டோஸில் அது 60 ஹெர்ட்ஸிலேயே ஓடிக்கொண்டிருப்பதை அறியாமல் பயன்படுத்துவது மிகச் சாதாரணம். மானிட்டர் அவ்வளவு வேகம் ஓடும் என்பது இயந்திரத்துக்குத் தெரியும். தன் திறமைகளை மானிட்டரே கார்டுக்குச் சொல்லும் ஏற்பாடு 1994-இலேயே வந்துவிட்டது. தெரிந்தும், அட்வான்ஸ்டு டிஸ்பிளே என்ற உள்ளறைக்குள் போய் எண்ணை மாற்றும்வரை பல கணினிகள் 60-ஐத் தாண்டுவதில்லை. இன்னும் வேடிக்கை, விலையுயர்ந்த கார்டைப் பொருத்திவிட்டு மானிட்டர் கேபிளைப் பழக்கத்தில் மதர்போர்டின் எச்டிஎம்ஐ துளையில் செருகுவது. படம் வரும், ஆனால் அதை வரைவது ப்ராசஸருக்குள் இருக்கும் சிறு கிராபிக்ஸ். விளையாட்டு நொண்டியடிக்க, 'கார்டு டூப்ளிகேட்' என்று கடைக்காரருக்கு வசவு விழும். 4கே டிவியைக் கணினியோடு இணைத்தவர் மவுஸ் திக்கித் திக்கி நகர்கிறது என்பார்: இடையில் எங்கோ எச்டிஎம்ஐ 1.4 தரத்திலான துளையோ மாற்றுக் கேபிளோ இருக்கும். அந்தத் தரத்தில் 4கே படம் நொடிக்கு 30 தடவைதான் புதுப்பிக்கப்படும். 60 வேண்டுமென்றால் 2013-இல் வந்த எச்டிஎம்ஐ 2.0 வேண்டும். டிவியில் டாஸ்க்பார் பாதி வெட்டுப்பட்டுத் தெரிந்தால் அது ஓவர்ஸ்கேன் என்ற பழைய தொலைக்காட்சிப் பழக்கம். டிவியின் ரிமோட்டிலேயே தீர்வு இருக்கும்.

இவற்றுள் என்னை மிகவும் எரிச்சலூட்டுவது நிறம் வெளுக்கும் விவகாரம். தொலைக்காட்சி உலகில் கறுப்புக்கு 16, வெள்ளைக்கு 235 என்று எல்லை வகுத்திருக்கிறார்கள். கணினி உலகில் கறுப்பு 0, வெள்ளை 255. கார்டு எச்டிஎம்ஐ வழியே ஒரு திரையைப் பார்த்ததும் அது டிவி என்று தானாக முடிவுகட்டிக் குறுகிய எல்லையில் அனுப்பும்; மானிட்டரோ முழு எல்லையை எதிர்பார்த்திருக்கும். விளைவு, கறுப்பு சாம்பலாகத் தெரியும், படம் முழுக்கப் பனி படர்ந்தாற்போல் இருக்கும். எதிர்த்திசையில் பிசகினால் இருட்டுக் காட்சிகளில் ஒன்றுமே தெரியாது. 'பேனல் மங்கிப்போச்சு' என்று இதற்குத் தீர்ப்பெழுதிவிடுவது எளிது. கார்டின் கட்டுப்பாட்டுப் பலகையில் டைனமிக் ரேஞ்ச் என்ற ஒரு வரியை ஃபுல் என்று மாற்றினால் பேனல் உயிர்பெற்றுவிடும். எச்டிஆர் என்ற ஒளி-நிற விரிவு அமைப்பின் பொத்தானைத் தெரியாமல் தட்டிவிட்டாலும் மலிவான மானிட்டர்களில் இதே வெளுப்பு வரும். தமிழில் படிப்பவர்களைத் தனியாகப் பாதிக்கும் ஒன்றும் உண்டு. 1920×1080 புள்ளிகள் கொண்ட திரையை, எழுத்து பெரிதாகத் தெரியட்டும் என்று 1366×768-க்குக் குறைத்துவிடுவார்கள். அப்போது திரையின் புள்ளிகளும் படத்தின் புள்ளிகளும் ஒன்றோடொன்று பொருந்தாமல் எழுத்தின் விளிம்புகள் குழைந்துபோகும். ஆங்கில எழுத்து இதை ஓரளவு தாங்கும். மெய்யெழுத்தின் தலைப்புள்ளியும், ணகரத்தின் மூன்று சுழியும் னகரத்தின் இரண்டு சுழியும் தாங்குவதில்லை. ரெசல்யூஷனைத் திரையின் இயல்பு அளவிலேயே விட்டுவிட்டு, ஸ்கேலிங் என்ற வரியில் 125 அல்லது 150 சதவீதம் வைத்தால் எழுத்து பெரிதாகவும் இருக்கும், கூர்மையாகவும் இருக்கும். கண் மருத்துவரைப் பார்ப்பதற்கு முன் இதைச் செய்து பார்ப்பதில் தவறில்லை.

சரி, இவ்வளவு எளிதென்றால் ஏன் யாருக்கும் தெரியவில்லை? ஒரே விஷயத்தை ஆளும் அதிகாரம் நான்கு இடங்களில் பிரிந்து கிடக்கிறது. விண்டோஸ் செட்டிங்ஸ் ஒன்று. கார்டு நிறுவனத்தின் கட்டுப்பாட்டுப் பலகை ஒன்று. மானிட்டரின் மெனு ஒன்று. விளையாட்டுக்குள்ளேயே இருக்கும் அமைப்பு இன்னொன்று. ஒன்றில் மாற்றியது மற்றொன்றுக்குத் தெரியும் என்று நிச்சயமில்லை. இரண்டு கிராபிக்ஸ் உள்ள மடிக்கணினிகளையே எடுத்துக்கொள்ளுங்கள். பேட்டரியை மிச்சப்படுத்த இன்டெல் கிராபிக்ஸ், வேகம் வேண்டும்போது என்விடியா என்று தானாக மாறிக்கொள்ளும் ஆப்டிமஸ் ஏற்பாடு 2010-இல் வந்தது. எந்தச் செயலிக்கு எந்தச் சிப் என்பதை என்விடியாவின் பலகையில் குறிக்கலாம். 2018 ஏப்ரல் மாத விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து அதே முடிவை விண்டோஸ் செட்டிங்ஸிலும் குறிக்கலாம். இரண்டும் முரண்பட்டால் யார் சொல் செல்லும் என்பது வாங்கியவருக்கு விளங்குவதில்லை. இந்தத் தேர்வை இனி விண்டோஸ்தான் நிர்வகிக்கிறது என்று என்விடியாவின் பலகையிலேயே அறிவிப்பு போட வேண்டிய நிலை வந்தது. இரண்டு மாபெரும் நிறுவனங்களின் எல்லைத் தகராறு ஒரு மாணவரின் மடிக்கணினிக்குள் நடக்கிறது. அவரோ மடிக்கணினி 'ஸ்லோ' என்று அதை விற்றுவிட நினைக்கிறார்.

'டிரைவரை அப்டேட் செய்' என்ற ஆலோசனைக்கு வருவோம். அது பொய்யல்ல, பாதி உண்மை. புது டிரைவர் பழைய பிழைகளைத் தீர்க்கும். புதுப் பிழைகளையும் கொண்டுவரும். 2010 மார்ச்சில் என்விடியா 196.75 என்ற டிரைவரை வெளியிட்டு உடனே திரும்பப் பெற்றது. கார்டின் விசிறி வேகத்தை அது சரியாகக் கட்டுப்படுத்தவில்லை, கார்டுகள் சூடேறின. 2015 நவம்பரில் ஏஎம்டியின் க்ரிம்ஸன் டிரைவரிலும் விசிறி குறைந்த வேகத்திலேயே பூட்டிக்கொண்டது. அவசரத் திருத்தம் வெளியிட்டார்கள். 2025-இல் என்விடியாவின் 50 வரிசைக் கார்டுகளில் திரை கறுத்துப்போவதாகப் புகார்கள் குவிந்தபோது, நிறுவனம் அதை ஒப்புக்கொண்டு அடுத்தடுத்து டிரைவர்களை வெளியிட்டது. எனவே கேட்க வேண்டியது 'புது டிரைவர் போட்டாயா' என்பதல்ல. 'கோளாறு எந்தத் தேதியில் தொடங்கியது, அந்தத் தேதியில் கணினிக்குள் என்ன மாறியது' என்பது. இதற்கு விண்டோஸிலேயே ஒரு கருவி உண்டு, விஸ்டா காலத்திலிருந்தே உண்டு. ரிலையபிலிட்டி ஹிஸ்டரி என்று தேடினால் வரும். நாள்வாரியாக எந்த மென்பொருள் நிறுவப்பட்டது, எந்த நாளில் எது முடங்கியது என்று வரைபடமாகவே காட்டும். செவ்வாய்க்கிழமை டிரைவர் தானாக மாறியிருக்கிறது, புதன்கிழமையிலிருந்து முடங்குகிறது என்றால் வழக்கு முடிந்தது. டிவைஸ் மேனேஜரில் ரோல் பேக் பொத்தானை அழுத்திப் பழைய டிரைவருக்குத் திரும்பினால் போதும். இந்தக் கருவியின் இருப்பையே சாதாரணப் பயனரிடம் யாரும் சொல்லாதது எனக்கு வியப்பு. ஃபார்மட் அடிப்பதன் பெரிய தீமையும் இங்குதான் இருக்கிறது: அது கோளாறோடு சேர்த்து இந்தச் சாட்சியத்தையும் அழித்துவிடுகிறது. ஃபார்மட்டுக்குப் பிறகு சரியாகிவிட்டால் ஏன் சரியானது என்று தெரியாது. சரியாகவில்லை என்றால் எப்போது கெட்டது என்றும் தெரியாது.

டிரைவர் என்ற சொல்லே சில சமயம் திசைதிருப்பும் என்பதையும் சொல்லியாக வேண்டும். விஸ்டாவிலிருந்து விண்டோஸில் ஒரு காவல் ஏற்பாடு இருக்கிறது: கார்டு 2 நொடிக்குள் பதில் தராவிட்டால், கணினி முழுவதும் உறைவதற்குப் பதிலாக, டிரைவரை மட்டும் விண்டோஸ் மீண்டும் துவக்கும். திரை ஒரு கணம் கறுத்துத் திரும்பி வரும்; 'டிஸ்பிளே டிரைவர் பதிலளிக்கவில்லை, மீண்டுவிட்டது' என்ற பொருளில் ஒரு பதிவு விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவன்ட் வியூவரில் விழும். பதிவில் டிரைவரின் பெயர் இருப்பதால் பழி அதன்மேல் விழுகிறது. ஆனால் கார்டு ஏன் 2 நொடி மௌனமாக இருந்தது? சூடேறி இருக்கலாம், தூசி அடைத்து விசிறி சுற்றாமல் இருக்கலாம், மின்சாரம் போதாமல் இருக்கலாம். மதர்போர்டு துளை வழியாகக் கார்டு 75 வாட்தான் எடுக்க முடியும். அதற்கு மேல் தேவையானதைப் பவர் சப்ளையிலிருந்து தனிக் கேபிளில் தர வேண்டும், 8 முனை கேபிள் என்றால் 150 வாட். பவர் சப்ளையில் மிச்சம் பிடித்துவிட்டுக் கார்டில் காசைக் கொட்டிய கணினிகள் எத்தனையோ. இந்த 2 நொடியை ரெஜிஸ்ட்ரியில் 10 நொடியாக்கச் சொல்லும் வைத்தியமும் உலவுகிறது. பெரும்பாலும் அது காய்ச்சலைக் குறைக்காமல் தெர்மாமீட்டரை ஒளித்துவைக்கும் வேலை.

இங்கே நியாயமான ஒரு மறுப்பு எழும்: கார்டுகள் நிஜமாகவே பழுதாவதில்லையா? ஆகின்றன, கூட்டமாகவே ஆகியிருக்கின்றன. 2008 ஜூலையில், மடிக்கணினிகளுக்கான தன் சிப்புகள் சிலவற்றின் பொதி வேலையில் பலவீனமான பொருள் இருந்ததை ஒப்புக்கொண்டு, அதற்காக 15 முதல் 20 கோடி டாலர் வரை என்விடியா ஒதுக்கிவைத்தது. சூடேறிக் குளிர்ந்து சூடேறி, சிப்பின் அடியில் இருந்த பற்றவைப்புகள் விட்டுப்போன கதை அது. எந்த அமைப்பை மாற்றினாலும் தீராது. 2022-இல் ஆர்டிஎக்ஸ் 4090 வந்தபோது அதன் 16 முனை மின் இணைப்பான் உருகிய படங்கள் உலகைச் சுற்றின. இவை என் வாதத்துக்கு எதிரான சாட்சிகள் போலத் தோன்றும். கவனித்தால், இரண்டிலும் உண்மை வெளிவந்தது இடம் கண்டறிந்த பிறகுதான். 2022-இல் கார்டே தீப்பிடிக்கிறது என்று தொடங்கிய பேச்சு, சோதித்தவர்கள் இணைப்பானை அறுத்துப் பார்த்த பிறகு, பெரும்பாலும் பிளக் முழுதாக உள்ளே போகாததே காரணம் என்று முடிந்தது. உலகம் முழுவதும் சுமார் 50 நிகழ்வுகள் என்று என்விடியா அப்போது சொன்னது. 'வாங்கியவர் சரியாகச் செருகவில்லை' என்ற அந்த விளக்கத்தோடு விஷயம் முடிந்திருந்தால் அது அநியாயம். தர நிர்ணய அமைப்பு மறு ஆண்டே இணைப்பானின் உணர்முனைகளைக் குட்டையாக்கி, முழுதாகச் செருகாவிட்டால் மின்சாரத்தைத் தடுக்கும்படி வடிவத்தை மாற்றியது. பயனர் தவறு என்று சொல்லப்பட்டதில் வடிவமைப்பின் தவறும் பாதி இருந்தது என்பதற்கு இதைவிட வேறு ஒப்புதல் வேண்டாம்.

இரண்டாவது மறுப்பு இன்னும் வலுவானது. தெரியாதவர் அமைப்புகளைத் தொட்டால் இருப்பதும் கெடும், ஆகையால் தொடாமல் இருப்பதே நலம் என்பார்கள். ஒரு காலத்தில் இது மெய்யாகவே ஆபத்தாக இருந்தது. கண்ணாடிக் குழாய் மானிட்டர்களுக்குத் தாங்காத அதிர்வெண்ணைக் கொடுத்தால் அவை கெட்டுப்போகும் என்று எச்சரிப்பார்கள். இன்றைய மானிட்டர் தனக்கு ஒவ்வாததைக் கேட்டால் 'அவுட் ஆஃப் ரேஞ்ச்' என்று காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. ரெசல்யூஷனை மாற்றினால் விண்டோஸ் 15 நொடி காத்திருந்து, நாம் 'வைத்துக்கொள்' என்று சொல்லாவிட்டால் பழையதற்கே திரும்பிவிடுகிறது. திரையே தெரியாவிட்டாலும் கைகட்டிச் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும், பழைய படம் வந்துவிடும். கணினி வடிவமைப்பில் இதைவிட மனிதத்தன்மை உள்ள ஏற்பாட்டை நான் அதிகம் கண்டதில்லை. திரை உறைந்துவிட்டால் விண்டோஸ் பொத்தானோடு கன்ட்ரோல், ஷிஃப்ட், பி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் கிராபிக்ஸ் மட்டும் மறுதுவக்கம் ஆகும். திறந்திருக்கும் கோப்பு கெடாது. எனவே பயப்பட வேண்டியது தொடுவதைப் பற்றி அல்ல, திரும்பி வர முடியாத இடங்களைத் தொடுவதைப் பற்றி. ரெசல்யூஷன், ரிஃப்ரெஷ் ரேட், ஸ்கேலிங், நிற எல்லை, எச்டிஆர், டிரைவர் ரோல் பேக் எல்லாம் திரும்பி வரக்கூடியவை. யார் வேண்டுமானாலும் தொடலாம். கார்டின் வேகத்தையும் வோல்டேஜையும் ஏற்றுவது, கார்டின் பயாஸை மாற்றி எழுதுவது, புரியாத ரெஜிஸ்ட்ரி எண்களைத் திருத்துவது இவை வேறு ரகம், தெரிந்தவர் செய்யட்டும்.

அப்படியானால் மெக்கானிக் எதற்கு, சென்னை ரிச்சி தெருவில் இத்தனை கணினிக் கடைகள் எதற்கு என்று கேட்கலாம். அவர்கள் தேவை, சிப்பைச் சூடாக்கிப் பெயர்த்து மாற்றி வைக்கும் கைத்திறன் எல்லோருக்கும் வராது. ஆனால் தொழிலின் கணக்கு ஒன்று இருக்கிறது. அரை மணி நேரம் உட்கார்ந்து டைனமிக் ரேஞ்சைக் கண்டுபிடித்தவர் அதற்கு 500 ரூபாய் கேட்டால் 'ஒரு பட்டனைத் தட்டினதுக்கா?' என்று கேட்பவர்கள் நாம். ஒரு பாகத்தை மாற்றிக் கையில் கொடுத்தால் கேள்வி கேட்காமல் பணம் தருவோம். கண்டறியும் வேலைக்கு மதிப்புக் கொடுக்காத வாடிக்கையாளர்கள் இருக்கும்வரை, பாகம் மாற்றும் வேலைதான் சந்தையில் ஓடும். இதில் கடைக்காரரை மட்டும் குறை சொல்வது நேர்மையாகாது. கோளாறு எந்தத் தேதியில் தொடங்கியது, லோகோ வரும்போதே கோடு தெரிகிறதா, ஸ்கிரீன்ஷாட்டில் விழுகிறதா, மானிட்டர் மெனு ஆடுகிறதா என்ற நான்கு விவரங்களோடு போகிறவரிடம் நல்ல மெக்கானிக் வேறுவிதமாகப் பேசுவார்; அரைகுறை மெக்கானிக்கும் சற்று யோசித்தே பேசுவார். 2025 கடைசியிலிருந்து செயற்கை நுண்ணறிவுக் கூடங்கள் மெமரி சிப்புகளை அள்ளிக்கொண்டு போவதால் கணினிப் பாகங்களின் விலை ஏறிக்கொண்டிருக்கும் காலத்தில், தேவையில்லாமல் மாற்றிய ஒரு கார்டு ஒரு குடும்பத்தின் மாதச் சம்பளத்தையே விழுங்கக்கூடும்.

பழைய கார்டு வைத்திருப்பவர்கள் இப்போது இன்னொரு பயமுறுத்தலையும் கேட்கிறார்கள். 2025 அக்டோபர் 14-ஆம் தேதி விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. அதே மாதத்தோடு ஜிடிஎக்ஸ் 900, 1000 வரிசைக் கார்டுகளுக்குப் புது விளையாட்டுகளுக்கான டிரைவர்களை என்விடியா நிறுத்தியது. 'உங்க கார்டு எக்ஸ்பைரி ஆயிடுச்சு' என்று சொல்ல இது வசதியான சாக்கு. மருந்து மாத்திரை அல்லவே கார்டு. அந்த வரிசைகளுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2028 அக்டோபர் வரை வரும் என்று அதே நிறுவனம் அறிவித்திருக்கிறது. 2016-இல் வந்த ஜிடிஎக்ஸ் 1060 நேற்றுவரை செய்த வேலையை இன்றும் செய்யும். விண்டோஸ் 11-க்கு மாற முடியாமல் போவதற்கும் பெரும்பாலும் ப்ராசஸரும் டிபிஎம் என்ற பாதுகாப்புச் சிப்பும்தான் காரணம், கார்டு அல்ல.

பயனருக்கு இவ்வளவு சொன்னபின் நிறுவனங்களைக் கேட்க வேண்டியதையும் கேட்டுவிடலாம். ரெசல்யூஷனுக்கு இருக்கும் அந்த 15 நொடி மரியாதை டிரைவருக்கு ஏன் இல்லை? தானாக ஒரு டிரைவரை ஏற்றும் விண்டோஸ், அடுத்த இரண்டு நாளில் கார்டு மூன்று முறை முடங்கினால், 'செவ்வாய்க்கிழமை ஏற்றிய டிரைவருக்குப் பிறகு இது நடக்கிறது, பழையதற்குத் திரும்பட்டுமா?' என்று கேட்க முடியாதா? அதற்கான தகவல் முழுவதும் அதனிடமே இருக்கிறது. இப்போது திரைக்குப் போய்க்கொண்டிருக்கும் ரெசல்யூஷன், ரிஃப்ரெஷ் ரேட், நிற எல்லை, எந்தச் சிப் வரைகிறது, கேபிள் எவ்வளவு தாங்கும், மானிட்டர் எவ்வளவு கேட்கிறது, இவை அனைத்தையும் ஒரே பக்கத்தில், தமிழ் உட்படப் பயனரின் மொழியில், பொருந்தாத வரியைச் சிவப்பில் காட்டுவது பெரிய பொறியியல் சாதனை அல்ல; கேபிள் தவறான துளையில் இருப்பதைக்கூட அந்தப் பக்கம் சொல்லிவிட முடியும். மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென இணையதளம் தொடங்கியபோது பேச்செல்லாம் உதிரிபாகங்களையும் சர்வீஸ் சென்டர்களையும் சுற்றியே இருந்தது. கைப்பேசிகளும் மின்னணுப் பொருள்களும் அந்தத் திட்டத்துக்குள் வருவதால், இந்த ஒரு பக்கத்தைக் கட்டாயமாக்கச் சொல்லிக் கேட்பதற்கு இடம் ஏற்கெனவே இருக்கிறது.